ஆறு மணி முறை

ஏனுங் தம்பி, அந்தப் பையைக் கீழ வெக்காதீங்க. முன்னால இங்க உக்காந்திருந்த அம்மா மோர் பாட்டிலைக் கவுத்துட்டு எறங்கிப் போயிருச்சு, அடில பூரா ஈரம். மடிலயே வெச்சுக்கங்க. மருந்துக் கம்பெனிங்களா? டை கட்டியிருக்கறதைப் பாத்தேன், அதான் கேட்டேன்.

நான் எலந்தக்காட்டுப் பிரிவுல எறங்கணுங்க. அவினாசிபாளையம் தாண்டி. ஒரு கேதத்துக்குப் போறேன். பங்காளி ஒருத்தர் காலமாயிட்டாரு, சென்னியப்பன்னு பேரு, எங்க பெரியப்பா பையன். காலைல ஆறரைக்கு எங்கண்ணன் போன் பண்ணாரு. பன்னெண்டு மணிக்கு எடுக்கறாங்களாம். இப்ப மணி என்ன, பத்தே முக்கால். நேரம் இருக்குது. இதுக்கு முன்னால ரெண்டு பஸ் வந்துச்சுங்க, விட்டுட்டேன். ஒண்ணுல நிக்கக்கூட எடமில்லை. இன்னொண்ணுல எடம் இருந்துச்சு, ஆனா அந்த டிரைவரு நொம்ப வேகமா ஓட்டுவான்னு ஒருத்தர் சொன்னாரு. எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்.

எனக்கு வேலை கம்ப்யூட்டருங்க. திருமூர்த்தின்னு பேரு. கணபதில ஒரு கம்பெனி, தோட்டத்து மோட்டாருக்குப் பொட்டி பண்றாங்க. கெணத்துமேட்டுல மாட்டி வெச்சுட்டா அதுவே நேரம் பாத்து மோட்டாரைப் போடும், நிறுத்தும், எந்த லைனுக்குத் தண்ணி போகணுமோ அந்த வால்வைத் திறந்துவிடும். அந்தப் பொட்டிக்குள்ள நேரம் பாக்கற புரோகிராம் இருக்குதுல்ல, அது நான் எழுதினது. லைப்ரரின்னு சொல்லுவோம். புஸ்தகம் வெக்கற லைப்ரரி இல்லீங்க. ஒருத்தன் ஒருக்கா மாவாட்டி வெச்சா, வேணுங்கறவங்க எடுத்து தோசை சுட்டுக்கற மாதிரி. எங்க கம்பெனி மட்டுமில்லை, வெளிய எத்தனையோ பேரு அதை எடுத்துப் பொழங்கறாங்க.

அதுல எது கஷ்டமான வேலைன்னு நெனைக்கறீங்க? கணக்கா? கணக்கு ஒரு வாரத்துல முடிஞ்சு போச்சுங்க. பேரு வெக்கறதுதான் கஷ்டம். சிரிக்காதீங்க. நேரத்துக்குப் பேரு வெச்சுப் பாருங்க, அப்பத் தெரியும். மொதல்ல ‘எம்’னு ஒத்தை எழுத்து வெச்சிருந்தேன். ஒருத்தன் அதை மினிட்டுன்னு எடுத்துக்கிட்டான், இன்னொருத்தன் மன்த்துன்னு எடுத்துக்கிட்டான். ஈரோட்டுப் பக்கம் ஒரு பையன் பத்து நிமிசம் நிறுத்தி வெக்கறதுக்குப் பத்து மாசம் நிறுத்தி வெச்சுட்டான் மோட்டாரை. அன்னைக்குச் சட்டம் போட்டேன். முழுப் பேரும் எழுதோணும். செகண்ட், மினிட், அவர், டே. நாலே பேரு. அஞ்சாவது பேரு என் லைப்ரரிக்குள்ள வரக்கூடாது. ஒண்ணுக்கு ரெண்டு பேரு இருந்தாத்தானே கொழப்பம்? நான் சொல்றது நாயமா இல்லைங்களா?

அந்தச் சமயத்துலதான் கருணாம்பிகைன்னு ஒரு அம்மிணி வேலைக்குச் சேந்துச்சு. அவினாசிக்காரங்க. பொட்டி தோட்டத்துல ஒழுங்கா ஓடுதான்னு சோதிச்சுப் பாக்கற வேலை. நல்ல புள்ளைதான். ஆனா சொன்னதையே சொல்லீட்டிருக்கும், கொசு காதுகிட்ட வந்த மாதிரி. அது இருவத்தாறு கெணத்துக்குப் போயி ஒரு நோட்டுல எழுதீட்டு வந்துச்சு. எங்க பக்கம் கெணத்துல பங்கு இருந்தா முறை வெச்சுத்தானுங்க தண்ணி எடுப்பாங்க. ஒரு நாள் உனக்கு, ஒரு நாள் எனக்கு. இந்த அம்மிணி என்ன பண்ணுச்சுன்னா, ஒவ்வொரு கெணத்துலயும் முறை எப்ப மாறுதுன்னு கேட்டிருக்குது. ஒரு எடத்துல காலைல ஆறு. ஒரு எடத்துல பால் கறந்ததுக்கப்பறம். ஒரு எடத்துல பொழுது சாஞ்சு வெளக்கு வெக்கறப்ப. இருவத்தாறுல ஒருத்தர்கூட ராத்திரி பன்னெண்டுன்னு சொல்லலியாம்.

“சார், டேன்னு பேரு வெச்சா ராத்திரி பன்னெண்டுக்கு மாறிரும். கேக்கறவங்க மனசுல இருக்கறது அது இல்லீங்க சார். முறைன்னு தனியா ஒரு பேரு வைங்க. முறைன்னு போட்டா, எத்தனை மணிக்கு ஆரம்பிக்குதுன்னு பொட்டியே கேக்கட்டும்.”

மூணு தடவை எழுதிக் கேட்டுச்சு. மூணாவது தடவை நான் பதில் எழுதினேன். ‘முறை என்பது நேரத்தின் அளவு அல்ல.’ அம்புட்டுத்தான். எழுதிட்டு, அந்தக் கோரிக்கையை மூடிட்டேன். மூடறதுக்குன்னு ஒரு பொத்தான் இருக்குதுங்க, அமுத்துனா ஊதா நெறத்துல போயிரும்.

இதுல வேடிக்கை என்னன்னா, நானே அப்படி ஒரு கெணத்துல தண்ணி கட்டி வளந்தவன்தான். எங்க கெணத்துல பாதி எங்களுக்கு, பாதி பெரியப்பா வீட்டுக்கு. பால் சொசைட்டி வண்டி ஆறு மணிக்கு ஹாரன் அடிக்கும், முறை மாறும். நான் ஆறாவது படிக்கறப்பவே அந்த ஹாரன் சத்தம் கேட்டா ஓடிப் போயி மடை திருப்பியிருக்கேன். தெரியாம இல்லீங்க. ஆனா அது வேற, இது வேற. ஆபீஸ்ல உக்காந்தா ஒரு நாள்னா ஒரு நாள்தான்.

சரி, அதை விடுங்க. சூலூர் தாண்டியாச்சா? ம், தாண்டியாச்சு.

எங்கண்ணன் பேரு நாச்சிமுத்து. எனக்கும் அவருக்கும் பதினோரு வயசு வித்தியாசம். அப்பா போனதுக்கப்பறம் அவரு எட்டாவதோட நிறுத்தீட்டு மம்பட்டி புடிச்சாரு, நான் படிச்சேன். அவரும் சென்னியண்ணனும் ஒரே கெணத்துல முப்பது வருசம் தண்ணி எடுத்தாங்க. பங்காளிக் காய்ச்சல்னு சொல்லுவாங்கல்ல, அது கொஞ்சம் இருக்கத்தான் செஞ்சுச்சு. அஞ்சு நிமிசம் முந்தி திருப்பீட்ட, பத்து நிமிசம் பிந்தி விட்டன்னு சள்ளை. ஆனா நோம்பின்னா ரெண்டு வீட்டுப் பொங்கலும் ஒரே அடுப்புலதான் வேகும். கருப்பராயன் கோயில் எங்களுக்குக் கொல தெய்வம். மொதப் பானையை எங்கண்ணன்தான் தூக்கீட்டுப் போவாரு.

நான் அந்தக் கோரிக்கைய மூடின வருசம், மோட்டார் ஓடற த்ரீ பேஸ் கரண்டு பகல்ல ரெண்டு மணி நேரம், மிச்சம் ராத்திரி ஒண்ணுல இருந்து காலைல அஞ்சரை வரைக்கும். ரெண்டு கெழவனுகளும் மாத்தி மாத்தித் தூக்கம் கெட்டு மோட்டார்கிட்டக் கெடந்தாங்க. எனக்கு வெசனமாப் போச்சு. நானே ஒரு பொட்டி எடுத்துட்டுப் போயி, என் கையால மாட்டி வெச்சேன். ரெண்டு பேரையும் கெணத்துமேட்டுல நிக்க வெச்சு, “இனி சண்டையே இல்லை. ஒரு நாள் உங்களுக்கு, ஒரு நாள் அவருக்கு. மெஷின் பாத்துக்கும், நீங்க போயித் தூங்குங்க”ன்னு சொன்னேன். ரெண்டு பேரும் தலையாட்டினாங்க. சென்னியண்ணன் பொட்டியத் தொட்டுக் கும்பிட்டாரு. “இவன் நம்மூட்டுப் பையன், ஓரவஞ்சனை பண்ணமாட்டான்”னாரு.

யாரும் எத்தனை மணிக்குன்னு கேக்கலீங்க. அவங்க கேக்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. அவங்க மனசுல சொசைட்டி வண்டி. என் பொட்டில ராத்திரி பன்னெண்டு; ஒரு மணிக்கு வர்ற கரண்டுத் தண்ணி அடுத்தவர் குழாய்க்குப் போயிரும்.

ஆனா ஒண்ணு, கணக்கு சரிங்க. நீங்களே போட்டுப் பாருங்க. இவருக்கும் இருவத்துநாலு மணி நேரம், அவருக்கும் இருவத்துநாலு மணி நேரம். ஆறு மணிக்கு மாறினா என்ன, பன்னெண்டுக்கு மாறினா என்ன? ஒரு சொட்டு எச்சுமில்லை, கம்மியுமில்லை. சொல்லப்போனா மொத நாள் எங்கண்ணன் முறை, ராத்திரித் தண்ணி சென்னியண்ணனுக்குத்தான் போச்சு. அதை ஆரு பேசறாங்க?

ஒம்பது நாள் ரெண்டு பேரும் நிம்மதியாத் தூங்கினாங்க. ரெண்டு பக்கமும் சொட்டுநீர் போட்டிருக்கறதுனால, தண்ணி எங்க ஓடுதுன்னு கண்ணுக்கும் தெரியாது. பத்தாம் நாள் ராத்திரி சென்னியண்ணனுக்குத் தூக்கம் வராம, தன்னோட முறைதானேன்னு சும்மா கெணத்துப் பக்கம் வந்திருக்காரு. மோட்டார் ஓடுது. அவரோட குழாய்ல கைய வெச்சுப் பாத்தா சில்லுன்னு சும்மா கெடக்குது. எங்கண்ணன் குழாய்ல வெச்சா அதிருது.

விடிஞ்சதும் வாசல்ல வந்து நின்னுட்டாரு. “நாச்சி, தம்பிய வெச்சுப் பொட்டி செஞ்சு என் முறைத் தண்ணியத் திருடறயா?” ஊரே கேட்டுச்சாம். எங்கண்ணனுக்குத் திருட்டுன்னு ஒரு சொல்லு போதுங்க. அடுத்தவன் காட்டுத் தேங்காய் ரோட்டுல கெடந்தாக்கூட வேலிக்குள்ள எடுத்துப் போட்டுட்டு வர்ற ஆளு. எனக்குப் போன் பண்ணாரு. நான் ஆபீஸ்ல டீ குடிச்சுட்டு நிக்கறேன். “மூர்த்தி, பொட்டி சரியா இருக்குதாடா?”

அப்ப எனக்குப் பொறி தட்டிருச்சு. அந்த அம்மிணி நோட்டு அப்படியே கண்ணு முன்னால வந்துச்சு. “ஒரு அஞ்சு நிமிசம், பாத்துட்டுக் கூப்பிடறேண்ணா”ன்னு வெச்சுட்டேன். கோயமுத்தூர்ல உக்காந்தே மாத்தலாமுங்க, போன் மாதிரி சிம்மு இருக்குது பொட்டிக்குள்ள. அவங்க கெணத்துக்கு மட்டும் ஆறு மணின்னு மாத்தினேன். நாலு வரி. மாத்திட்டுக் கூப்பிட்டு, “பொட்டி சரியா இருக்குதுண்ணா”ன்னேன்.

பொய் சொல்லலீங்க. அவரு கேக்கறப்ப என்ன நெலமையோ அதைச் சொன்னேன். நான் சொல்றப்ப அது சரியாத்தான் இருந்துச்சு.

நான் என்ன நெனைச்சேன்னா, சரி பண்ணியாச்சு, ரெண்டு நாள்ல ஆறிப் போயிரும்னு. எங்கண்ணன் அப்படி விடற ஆளில்லை. ரெண்டு நாள் பாயைப் போட்டு கெணத்துமேட்டுலயே படுத்துப் பாத்திருக்காரு. கரெக்டா ஆறு மணிக்கு மாறுது. மூணாவது நாள் வெள்ளிக்கெழமை, சென்னியண்ணனையும் ஊர்ல நாலு பேரையும் கூட்டீட்டு கருப்பராயன் கோயிலுக்குப் போயிட்டாரு. உள்ளங்கைல சூடத்தை ஏத்தி, “இவன் முறைத் தண்ணி ஒரு சொட்டு என் குழாய்ல போனதில்லை, போயிருந்தா இந்த வாசப்படி எனக்கு ஆகாது”ன்னு சொல்லி அணைச்சுட்டாரு. எனக்குச் சொல்லவே இல்லீங்க. சொல்லியிருந்தா தடுத்திருப்பேன். எப்படித் தடுத்திருப்பேன்னு கேக்காதீங்க. ஏதாவது சொல்லியிருப்பேன்.

கருப்பராயன் முன்னால சூடம் அணைச்சவனை என்ன கேக்கறது? சென்னியண்ணன் துண்டைத் தோள்ல போட்டுட்டு வந்துட்டாராம்.

பல்லடமா இது? கூட்டத்தைப் பாருங்க. எறங்கறவன் எறங்கறதுக்குள்ள ஏறறவன் ஏறுவான். மணி பதினொண்ணே கால் இருக்குமுங்களா? பதினொண்ணு பத்தா. பரவால்லை.

அப்பறம் ஒரு மாசம் கழிச்சு கருணாம்பிகை அந்தக் கெணத்துக்குப் போயிருக்குது. அதோட வேலைங்க, பொட்டிக்குள்ள பதிவு இருக்கும், எப்பப் போட்டுது, எப்ப நிறுத்துச்சுன்னு. அதை எடுத்துட்டு வரணும். எங்கண்ணன் மோர் குடுத்து உக்கார வெச்சு, “இதுல பழசெல்லாம் தெரியுமா கண்ணு?”ன்னு கேட்டிருக்காரு. அது வெகுளி. திருப்பிக் காட்டீருச்சு. “மொதப் பத்து நாள் ராத்திரி பன்னெண்டுக்கு மாறியிருக்குதுங்க ஐயா. அப்பறம் கோயமுத்தூர்ல இருந்து ஆறுக்கு மாத்தியிருக்காங்க”ன்னு.

“ஆரு மாத்துனது?”

பதிவுல பேரும் இருக்குமுங்க. அந்த ஏற்பாடும் நான் வெச்சதுதான், ஆரு எதை மாத்தினாலும் பேரோட நிக்கணும்னு நான்தான் சட்டம் போட்டேன். அம்மிணி என் பேரைப் படிச்சிருக்குது.

அவரு உள்ளங்கையத் திருப்பித் திருப்பிப் பாத்தாராம். சூடம் சுட்ட எடம் அப்பத்தான் தோல் உரிஞ்சுட்டு இருந்துச்சாம். இதை அந்த அம்மிணி என்கிட்ட வந்து சொல்லி அழுதுச்சு. “என்ன சார் பண்ணி வெச்சிருக்கீங்க”ன்னு கேட்டுச்சு, என்னைய! அடுத்த மாசம் வேலைய விட்டுருச்சு. எனக்குத்தான் கெட்ட பேரு, ஒரு பொம்பளப் புள்ளைய வேலைய விட்டு ஓட்டிட்டான்னு.

எங்கண்ணன் நேரா சென்னியண்ணன்கிட்டப் போயி உள்ளதைச் சொல்லியிருக்காரு. பத்து நாள் ராத்திரி முறை தப்பியிருக்குது, எனக்குத் தெரியாது, நான் செஞ்ச சத்தியம் பொய்யாப் போச்சுன்னு. சென்னியண்ணன் என்ன சொன்னாரு தெரியுமுங்களா? “அன்னைக்கு ஒரு வாயி, இன்னைக்கு ஒரு வாயி. எந்த வாய நம்பறது? பொட்டி செஞ்சவன் வந்து சொல்லட்டும்”னாரு. பூசாரியும் அதையேதான் சொல்லிப்போட்டாரு. தெரியாமப் பண்ணின பொய்ச் சத்தியத்துக்குத் தீர்வு இருக்குது, ஆனா ஏமாத்தினவன் வந்து, ஏமாந்தவன் காது கேக்க, கோயில்ல நின்னு உள்ளதைச் சொல்லோணும். ஏமாந்தவன் சரின்னு ஒத்துக்கிட்டா, சத்தியம் பண்ணினவன் மறுக்கா சூடம் ஏத்தி உள்ள வரலாம். அதுவரைக்கும் வாசப்படி மிதிக்கக் கூடாது.

அதுக்கு எங்கண்ணன் என்னைக் கூப்பிட்டாரு. “மூர்த்தி, ஒரு வெள்ளிக்கெழமை வந்து நான்தான் தப்பா வெச்சேன், அப்பறம் சொல்லாம மாத்தினேன்னு ஒரு வார்த்தை சொல்லீட்டுப் போயிரு. வேற ஒண்ணும் வேண்டாம்”னாரு.

ஒரு வார்த்தை! இவருக்கு அது ஒரு வார்த்தை. நீங்க யோசிச்சுப் பாருங்க தம்பி. நான்தான் தப்பா வெச்சேன்னு ஊரு முன்னால எப்படிச் சொல்றது? கணக்கு சரி. தப்புன்னா, இன்னைக்கு நாலாயிரம் கெணத்துல அதே லைப்ரரி ஓடுது, அத்தனையும் தப்பா? பதினாறு வருசம் நான் எழுதினது பூரா தப்பா? அந்த ஊர்ல கம்ப்யூட்டர்னா நான் ஒருத்தன்தான். சின்னப் பசங்களுக்கு என்னைக் காட்டித்தான் சோறு ஊட்டுவாங்க. நான் போயி கோயில்ல நின்னு, எனக்கு ஒரு நாள் எப்ப ஆரம்பிக்குதுன்னு தெரியலீங்கன்னு சொல்லோணுமா?

வரமாட்டேன்னு சொல்லலீங்க. வரேன்னுதான் சொன்னேன். மொத மாசம் ஆபீஸ்ல ரிலீஸ் வேலை இருந்துச்சு. அப்பறம் புனேவுக்கு அனுப்பீட்டாங்க. அப்பறம் மழை. அப்பறம் எனக்கு முதுகு புடிச்சுக்கிச்சு. அப்படியே ரெண்டு வருசம் ஓடிப்போச்சு.

அதுக்காக நான் சும்மா இருந்தேன்னு நெனைக்காதீங்க. போன வருசம் புது லைப்ரரி விட்டேன், அதுல முறைன்னு ஒரு பேரு சேத்துட்டேன். அஞ்சாவது பேரு! என் சட்டத்தை நானே ஒடச்சேன். முறைன்னு போட்டா எத்தனை மணிக்கு ஆரம்பம்னு கேக்கும், சொல்லலைன்னா நகராது. என்னென்ன மாத்தினோம்னு கூடவே இங்கிலீஸ்ல ஒரு குறிப்பு எழுதுவோம், அதுல ‘முன்னேற்றம்’னு தலைப்புப் போட்டு எழுதினேன். அன்னைக்கே கருணாம்பிகை போன் பண்ணுச்சு, எங்கயோ சென்னைல இருக்குது இப்ப. “சார், நல்லதுங்க சார். ஆனா இதைத் திருத்தம்னு எழுதுங்க சார். முன்னேற்றம்னு எழுதாதீங்க. உங்கண்ணன் இங்கிலீஸ் படிக்கமாட்டாருன்னாலும் எழுதுங்க”ன்னுச்சு. நான் போனை வெச்சுட்டேன். சின்ன விசயத்துக்கெல்லாம் ஒரு பேரு, ஒரு சண்டை.

எங்கண்ணனா? அவரு பதிவைப் பாத்த அன்னையில இருந்து அந்தக் கெணத்துல ஒரு கொடம் தண்ணி எடுக்கலீங்க. பொய்ச் சத்தியம் பண்ணுன கைக்கு முறை எதுக்குன்னு விட்டுட்டாரு. சென்னியண்ணனே ஒருக்கா ஆள் அனுப்பியிருக்காரு, உன்ற முறைய நீ எடுத்துக்கன்னு. மாட்டேன்னுட்டாரு. நூத்திப்பத்துத் தென்னை. மொதல்ல மட்டை தொங்குச்சு. அப்பறம் குரும்பை கொட்டுச்சு. போன சித்திரைல கொண்டை சாஞ்சு ஒவ்வொண்ணா மொட்டையா நிக்குது. எங்க அண்ணி மயிலாத்தா, ஒருநாளும் என்னைய ஒரு சொல்லு சொன்னதில்லை, அன்னைக்குச் சொல்லுச்சு. “தம்பி, நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இது அம்புட்டும் பச்சையா இருந்திருக்குமுங்க”ன்னு. நான் புது மோட்டார் வாங்கித் தரேன், தனியா போர் போட்டுத் தரேன்னேன். எங்கண்ணன் திரும்பிக்கூடப் பாக்கலை.

நோம்பி அன்னைக்கு அவரு கோயிலுக்கு வருவாருங்க. வந்து, ரோட்டுல, புளியமரத்துக்கு அந்தப் பக்கம் நிப்பாரு. வாசப்படி தாண்டமாட்டாரு. மொதப் பானைய வேற ஆரோ தூக்கீட்டுப் போவாங்க. அவரு துண்டை இடுப்புல கட்டீட்டு கும்பிட்டுட்டே நிப்பாரு. அதைப் பாத்தப்ப, போயிச் சொல்லீரலாமான்னு ரெண்டு எட்டுக்கூட வெச்சேன். சென்னியண்ணன் உள்ளதான் நின்னுட்டு இருந்தாரு, என்னைப் பாத்தாரு. அதுக்குள்ள ஆரோ, “வாங்க இன்ஜினியரே”ன்னு கூப்பிட்டாங்க. நான் அந்தப் பக்கம் போயிட்டேன்.

இன்னைக்குக் காலைல போன். சென்னியண்ணன் விடியக்காலம் பல்லு வெளக்கறப்ப நெஞ்சைப் புடிச்சுட்டு உக்காந்தவருதான், அம்புட்டுத்தான். எங்கண்ணன் சத்தம் எப்படி இருந்துச்சுன்னா, கெணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருந்துச்சு. “மூர்த்தி, சென்னி போயிட்டான்டா. இனி நீ ஆருகிட்டச் சொல்லுவே?” அப்படின்னாரு. அப்பறம் அவரே சொன்னாரு. “பூசாரிகிட்டக் கேட்டுட்டேன். பொணம் எடுக்கறதுக்குள்ள வந்து, நாலு பேரு பாக்க அவன் காதுல சொல்லிரு. செத்தவனுக்கு ஒரு நேரம் வரைக்கும் காது கேக்குமாம். பன்னெண்டு மணிக்கு எடுக்கறாங்க. நான் பிரிவுல வந்து நிக்கறேன், சீக்கிரம் வா.” என்னைய வையக்கூட இல்லீங்க. சீக்கிரம் வான்னுதான் சொன்னாரு.

அதான் கெளம்பி வந்துட்டேன். சொல்லீரலாமுன்னுதான் வந்தேன். செத்தவன் காதுல சொல்றதுல என்ன இருக்குது? அவரு எந்திரிச்சு வந்தா கேக்கப் போறாரு? ஆனா நாலு பேரு பாக்கச் சொல்லோணுமாம். அங்க நாலு பேரா இருப்பாங்க? நானூறு பேரு இருப்பாங்க. ஒப்பாரிய நிறுத்திட்டு எல்லாரும் என் வாயப் பாப்பாங்க. நான் குனிஞ்சு, என்னன்னு ஆரம்பிக்கறது? அண்ணா, உங்க முறை ஆறு மணிக்கு மாறும்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சும்... அப்படியா? தெரிஞ்சும்னு சொல்லோணுமா? அது வேண்டாம். லைப்ரரில ஒரு முன்னேற்றம் பண்ணியிருக்கோம்னு சொல்லலாம். அது அவருக்குப் புரியாது. இன்னொருக்கா நீங்களே சொல்லுங்க தம்பி, நீங்க மூணாவது மனுசன். உங்க மாத்திரைல ஒரு நாளைக்கு ரெண்டு வேளைன்னு எழுதறீங்க. சாப்புடறவன் எப்ப வேணாச் சாப்புடறான். ரெண்டு மாத்திரை உள்ள போச்சா, போச்சு. கணக்கு சரிதானுங்களே?

என்ன, அப்படி இல்லையா? எட்டு மணி நேரமாச்சும் எடைவெளி வேணுமா? அது மருந்துங்க. இது தண்ணி.

அவினாசிபாளையம் போயிருச்சா? எப்பப் போச்சு? நான் பேசீட்டே இருந்துட்டேன். மணி? பதினொண்ணு நாப்பது. இருவது நிமிசம் இருக்குது. பிரிவுல இருந்து வீடு அஞ்சு நிமிச நடை.

கண்டக்டரு கூப்பிடறாரு, எலந்தக்காட்டுப் பிரிவுன்னு. என்னையத்தான். அந்தா பாருங்க, பந்தல் தெரியுது. மரம் பூரா மொட்டையா நிக்குதே, அதான் எங்க தோட்டம். புளியமரத்துக்கிட்ட மஞ்சத் துண்டு போட்டுட்டு நிக்கறாருல்ல, அவருதான் எங்கண்ணன். வெயில்ல எத்தனை நேரம் நிக்கறாரோ. ரெண்டு பஸ்ஸும் பாத்துட்டுத்தான் நின்னிருப்பாரு.

எறங்கறேங்க. எறங்கத்தான் வந்தேன். முன்னால அந்த அம்மா கூடையோட எறங்கட்டும், அப்பறம் எறங்கறேன்.

ஒவ்வொரு ஜன்னலாப் பாத்துட்டு வர்றாரு. தம்பி, அந்தப் பையைச் செத்தக் குடுங்க. வெயிலு மூஞ்சிலயே அடிக்குது. இப்படி ஜன்னலோரம் வெச்சுக்கறேன். ஒரு நிமிசந்தான், குடுங்க.

பஸ் எடுத்துட்டாங்களா? அவரு இன்னும் பாக்கறாருங்களா? நான் திரும்பலை, நீங்க பாத்துச் சொல்லுங்க.

கைய ஆட்டறாரா? பஸ்ஸை நிறுத்தச் சொல்லியா?

இந்தாங்க உங்க பை. ஏனுங் கண்டக்டர், குண்டடத்துக்கு ஒரு டிக்கெட்டு போடுங்க. இல்லை, வேண்டாம். தாராபுரமே போட்டுருங்க.